நிமிஷம் பாயின் திருத்தங்கள்

தாம்பரத்துக்குத் தெற்கே மனை, வீடு, வாடகை, தூரம் ஆகிய நான்கு விஷயங்களில் பொய்யே சொல்லாத மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு 'நிமிஷம் பாய்' என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஆதார் அட்டைக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அவரை மென்டல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிற ஒவ்வொருவரும் ஒன்று வீட்டு புரோக்கராக இருப்பார், இல்லையென்றால் புரோக்கருக்கு மச்சானாக இருப்பார். நானும் ஒரு காலத்தில் சொன்னேன். நான் புரோக்கர் இல்லை, அதைவிட மோசம். அவர்களுக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுக்கிறவள்.

நிமிஷம் பாயின் அத்தாவை, அதாவது அப்பாவை, எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். பல்லாவரத்தில் தோல் வியாபாரத்தில் ஆரம்பித்த மனிதர். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரு அச்சகம் வாங்கினார். அது சும்மா கிடக்கும் நாட்களுக்காக ஒரு இலவச வாரப் பத்திரிகை தொடங்கினார். அதற்கு விளம்பரம் கொடுத்தவர்களின் முகத்தைக் காட்ட ஒரு கேபிள் சேனல் வந்தது. சேனலில் காட்டக் கல்யாணம் வேண்டுமே என்று ஒரு மண்டபம் கட்டினார். கல்யாணம் ஆனவர்கள் குடியிருக்க வேண்டுமே என்று மனை போட்டு விற்க ஆரம்பித்தார். இந்தப் பக்கத்தில் ஒரு மனிதன் காதலிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஹாஜியாரிடமே செய்துகொள்ளலாம்.

பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைதான். ஆனால் தொழிலில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: ரசீது போட்டுவிட்டால் அச்சில் வந்தே ஆக வேண்டும். விளம்பரம் கொடுத்தவன் எதிரியாக இருந்தாலும் சரி, அச்சகம் தண்ணீரில் மிதந்தாலும் சரி. ஒரு வருஷம் மழையில் முடிச்சூர் பக்கம் முழுக்க வெள்ளம். 'கார் விற்பனைக்கு' என்று ஒருவர் கொடுத்த விளம்பரத்தை அந்த வாரமும் அச்சடித்தோம். கார் அப்போது ஏரிக்குள் இருந்தது.

படிப்பை முடித்துவிட்டு மகன் வந்ததும் ஹாஜியார் யோசித்தார். மனை வியாபாரத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், எதையும் திரையில் படம் போட்டுக் காட்டித்தான் பேசுவார். மண்டபத்தில் மகனை விட்டால் பந்தியில் சண்டை வரும். கடைசியில் பத்திரிகையையும் சேனலையும் கொடுத்தார். "அத எவன் படிக்கிறான், எவன் பாக்கறான்? அங்க இருந்தா இவனால கெடுதல் வராது" என்று என்னிடமே சொன்னார். அந்தப் பத்திரிகையில் பதினோரு வருஷமாக நான் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மாதம் இளவரசர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் விஜயா வந்தாள்.

விஜயா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள். நேராக உள்ளே வந்து, இரண்டு ஜோடி ரப்பர் செருப்புகளை எடுத்து இளவரசரின் மேசைக் கண்ணாடி மேல் வைத்தாள். இரண்டிலும் குதிகால் இருந்த இடத்தில் ஓட்டை.

"இன்னா சார் இது? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அஞ்சு நிமிஷம்னு உங்க பேப்பர்ல போட்டுகீது. அத்த நம்பி அட்வான்ஸ் குட்த்துட்டு குடி வந்தேன். டெய்லி நடக்கறேன், நடக்கறேன், வூடே வரமாட்டேங்குது. மூணு மாசத்துல ரெண்டு ஜோடி பூட்ச்சி!"

"அஞ்சு நிமிஷம்னு யாரு எழுதினது?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

நான் கூரையைப் பார்த்தேன். ஓனர் 'பக்கம்தான்மா' என்றால் நான் 'ஐந்து நிமிடம்' என்று எழுதுவேன். 'கொஞ்சம் தள்ளி' என்றால் 'பத்தே நிமிடம்'. 'வண்டி இருக்கறவங்களுக்குப் பிரச்சனை இல்ல' என்றால் 'அமைதியான சூழல்'. பதினோரு வருஷமாக இதுதான் என் இலக்கியப் பணி.

அன்று மாலை அவர் விஜயாவோடு நடந்து போனார். மறுநாள் காலையில் விளையாட்டு வாத்தியார் மாதிரி கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்க வந்து நின்றார். "முப்பத்தெட்டு நிமிஷம்க்கா" என்றார். அந்த வார இதழின் இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டி இப்படி வந்தது:

'திருத்தம். நமது இதழில் வந்த வாடகை விளம்பரத்தில் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் என்று இருந்தது. நடந்து பார்த்தோம். முப்பத்தெட்டு நிமிடம். இரண்டு தெருநாய்கள் உண்டு. ஒன்று மட்டும் நல்லது.'

அவ்வளவுதான், ஊர் பற்றிக்கொண்டது. சமோசா மடிக்க மட்டுமே பயன்பட்ட பத்திரிகையை ஜனங்கள் கேட்டில் நின்று எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு மூன்று திருத்தம், நான்கு திருத்தம். அவர் நடப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். கையில் இரண்டு கிலோ அரிசியும் காய்கறியும் போட்ட ஒரு துணிப்பை இருக்கும்.

"எதுக்கு பாய் இந்தப் பை?" என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க வெறுங்கையோடவா போவாங்க? பையோட நடந்தாத்தான்க்கா அது உண்மையான நிமிஷம்."

மாடம்பாக்கத்தில் 'தினமும் கோபுர தரிசனம்' என்று ஒரு ஃபிளாட் விளம்பரம் வந்தது. பாய் போனார். ஹாலில் நின்று பார்த்தார், தெரியவில்லை. பால்கனியில் தெரியவில்லை. மொட்டை மாடியிலும் தெரியவில்லை. 'தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, குழாயைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் சாய்ந்தால் கோபுரத்தின் கலசங்கள் தெரிகின்றன. வயதானவர்களுக்கு உகந்ததல்ல' என்று திருத்தம் போட்டார். சேனலையும் விடவில்லை. திருவிழாவை முந்தின நாள் எடுத்துவிட்டு ஓரத்தில் 'நேரலை' என்று போடுவது எங்கள் வழக்கம். இவர் அதைத் திருத்தி 'நேற்றைய நேரலை' என்று போட்டார்.

விளம்பரக்காரர்கள் ஹாஜியாரிடம் படையெடுத்தார்கள். ஹாஜியார் சிரித்துச் சமாளித்தார். ஊரான் வீட்டுப் பொய் வெளியே வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஒரு நாள் எங்கள் மண்டபத்தின் முறை வந்தது. 'ஆயிரம் பேர் அமரலாம் என்பது தவறு. அறுநூற்று நாற்பது நாற்காலிகள். அவற்றில் பதினேழு, உட்காரக்கூடியவை அல்ல.'

ஹாஜியார் பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"எவன்டா நாற்காலி எண்ணினது?"

"நான்தான் அத்தா. ரெண்டு தடவ எண்ணினேன்."

"பதினேழு ஒடஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

"எல்லாத்துலயும் உக்காந்து பாத்தேன்."

அவரை அப்படியே வாரி அணைத்துக்கொள்வதா, அடிப்பதா என்று ஹாஜியாருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பதினேழு நாற்காலிகளை மட்டும் மறுநாளே மாற்றினார்.

இதெல்லாம் முன்னோட்டம். மாப்பிள்ளை அகரம்தென்னையும் தாண்டி ஒரு நிலத்தை வாங்கிப் பிளாட் போட்டார். பெயர் 'சந்தனச் சோலை நகர்'. சந்தனமும் இல்லை, சோலையும் இல்லை. ஒரு வேப்பமரம் இருந்தது, அதுவும் பக்கத்து நிலத்துக்காரருடையது. 'தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்' என்று முதல் பக்கம் முழுக்க விளம்பரம். எழுதியது அடியேன். பாய் ஸ்டாப் வாட்சை எடுத்தார்.

ஹாஜியார் மகனைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே சொன்னார்: "ஊரப் பத்தி என்ன வேணா போடு. இதப் பத்தி ஒரு வரி வந்துச்சுன்னா ஆபீஸ் சாவிய வெச்சுட்டுப் போயிடணும். பேப்பர், சேனல், எல்லாத்தையும் மாப்ள பாத்துப்பான்."

"வாங்கறவங்கள்ல விஜயா மாதிரி பத்து பேர் இருப்பாங்க அத்தா. ஆயுசு பூரா நடப்பாங்க."

"பத்து நிமிஷம்னா நடக்கறதுக்கா சொன்னேன்? கார்ல!"

"அப்ப கார்ல போய்ப் பாக்கலாம். நீங்களும் வாங்க. பத்து நிமிஷத்துல போயிட்டா நானே சாவிய குடுத்துடறேன்."

"போலாம்டா! சேனல்ல லைவா காட்டு. நேத்து லைவ் இல்ல, இன்னிக்கு லைவ்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை மனை விற்பனைத் தொடக்க விழா. மாப்பிள்ளை அங்கே மேடை போட்டுக் காத்திருந்தார். இங்கே கிழக்குத் தாம்பரத்தில், ரயில் நிலைய வாசலில், ஹாஜியாரின் வெள்ளைக் கார். முன்சீட்டில் கேமராக்காரர். பின்னால் அத்தாவும் மகனும், நடுவில் நேரத்தைக் குறித்துக்கொள்ள நான். பாய் வாட்சை அழுத்தினார்.

பத்தாவது நிமிஷம் முடிந்தபோது நாங்கள் பஸ் ஸ்டாண்டையே தாண்டவில்லை. அன்று பெரிய முகூர்த்த நாள். இருபதாவது நிமிஷம் ஒரு பேண்டு வாத்தியக் கோஷ்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். எட்டிப் பார்த்தால், அது எங்கள் மண்டபத்துக் கல்யாணம். மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் கல்யாணத்துக்கு வந்த கார்கள் எல்லாம் ரோட்டில்தான் நின்றன. 'தாராளமான வாகன நிறுத்தம்' என்று எழுதியதும் நான்தான். பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"அத எதுக்குடா இப்ப எழுதற?" என்று ஹாஜியார் உறுமினார். பிறகு கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "இறங்குடா! கார் மாட்டிக்கும், காலு மாட்டிக்குமா? நடந்தே காட்டறேன்."

அவருக்கு எழுபதை நெருங்கும் வயசு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைத் தொப்பி. உச்சி வெயில் வேறு. பாய் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நான் செருப்பைக் கையில் எடுக்காத குறையாக அவர்கள் பின்னால் ஓடினேன். கேமராக்காரர் எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்து ஒரு இளநீர் வண்டியில் மோதினார். அதுவும் லைவில் போயிற்று.

கேம்ப் ரோடு தாண்டுவதற்குள் கடைக்காரர்கள் எல்லாம் டிவியில் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். சேலையூரில் விஜயா சேர்ந்துகொண்டாள்.

"பெரியவரே, சும்மா கைய வீசிகினு நடந்தா எப்டி? பை எங்க? பை இல்லாம செல்லாது!"

பாய் தயக்கத்தோடு துணிப்பையைக் காட்டி, "வேணாம் அத்தா, இது நான் வெச்சுக்கறேன்" என்றார்.

"கொண்டாடா!" ஹாஜியார் பையைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் கடைசி வரை யாரிடமும் கொடுக்கவில்லை. தோளை மாற்றினார், கையை மாற்றினார், கொடுக்க மட்டும் மாட்டேன் என்றார். மாடம்பாக்கத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு டீக்கடையில் நின்றார்.

"டீ குடிக்கற நேரத்துக்கு அத நிறுத்து."

"வீட்டுக்குப் போறவங்க டீ குடிக்க மாட்டாங்களா? அதுவும் வழிதான் அத்தா."

மகனை எரித்துவிடுவது போலப் பார்த்தபடி, சுடச்சுட டீயை இரண்டே நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார். வாய் பொசுங்கியிருக்கும். அவர் கண்ணில் அன்று வந்த தண்ணீர் அதனால்தான் என்று நான் அப்போது நினைத்தேன்.

சந்தனச் சோலை நகருக்குள் நாங்கள் நுழைந்தபோது வாட்சில் இரண்டு மணி நேரம் பதின்மூன்று நிமிஷம். மேடை மேல் பெரிதாக 'பத்தே நிமிடம்' பேனர். சோடா நீட்டிய மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு ஹாஜியார் மேலே ஏறினார். மைக்கைப் பிடித்தார். இன்னொரு கையில் காய்கறிப் பை. ஜனங்கள் மேடையை நெருங்கி வந்தார்கள். இதோ ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"ஸ்டேஷன்லேர்ந்து... பத்தே நிமிஷம்!" என்றார்.

விசில் பறந்தது. அந்த அழும்பை என்னவென்று சொல்ல! அப்படியே மேடையிலிருந்து கையை நீட்டினார். "சாவி."

பந்தயத்தில் ஜெயித்திருந்தும், அத்தா கேட்டுவிட்டாரே என்று பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையில் சாவிக்கொத்தை வைத்தார். ஹாஜியார் கையை மடக்கவில்லை. மகனின் கழுத்தில் இருந்த ஸ்டாப் வாட்சைப் பார்த்தார்.

"இது என்னுது அத்தா" என்று சொல்லிவிட்டு, விஜயாவோடு நடந்தே திரும்பிப் போனார்.

அத்தோடு கதை முடிந்தது என்று மாப்பிள்ளை நினைத்தார். திருத்தக் கட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் புகைப்படத்தைப் போடச் சொன்னார். நானும் போட்டேன். சம்பளம் வாங்குகிறவள் வேறு என்ன செய்வேன்? அன்று நான் வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விளம்பரக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் முதலில் பெயர் மாற்றம் செய்கிற ஒருவர். அடுத்தவர் மார்க் ஷீட்டைத் தொலைத்தவர். மூன்றாவதாக நிமிஷம் பாய். முறை வந்ததும் ஒரு தாளை நீட்டினார்.

"வரி விளம்பரம்க்கா. நாலு வரி."

'திருத்தம். சந்தனச் சோலை நகர், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் அல்ல. இரண்டு மணி பதின்மூன்று நிமிடம். நடந்து பார்த்தவர், அதன் உரிமையாளர்.'

என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் ரசீது எழுதியதில்லை. மை காய்வதற்குள் மாப்பிள்ளைக்குத் தகவல் போய்விட்டது. தாளைப் பிடுங்கிக்கொண்டு ஹாஜியாரின் அறைக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, இதப் போடக் கூடாது. நம்ம நிலத்தப் பத்தி நம்ம பேப்பர்லயே—"

ஹாஜியார் காலைச் சுடுதண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"ரசீது போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க ஐயா."

"அப்ப அச்சுல வரணும்."

"மாமா!"

"என் ரூலு மாப்ள. வேணும்னா நீ வேற பேப்பர் ஆரம்பிச்சுக்கோ."

வந்தது. அடுத்த வாரமும் வந்தது. ஆறு வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நிமிஷம் பாய் வரிசையில் நின்று காசு கொடுத்து, தன் குடும்பத்துப் பத்திரிகையில் நாலு வரி வாங்கினார். மாடம்பாக்கத்தில் ஒற்றை அறை. ஒரு போனை வைத்துக்கொண்டு 'நடந்து பார்த்தோம்' என்று நெட்டில் ஒரு சேனலும் நடத்தினார். அதில் பையோடு ஒரு மனிதர் நடந்துகொண்டே இருப்பார், வேறு ஒன்றும் இருக்காது. வாடகைக்கு வீடு தேடுகிற ஜனங்கள் இமைக்காமல் பார்த்தார்கள். எங்கள் கேபிளின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்து நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு விருந்தாளிகள் பார்த்ததும் அவருடைய சேனலைத்தான்.

அத்தாவும் மகனும் பேசவே இல்லை. பெருநாளைக்கு மட்டும் பல்லாவரம் வீட்டிலிருந்து ஒரு டிபன் கேரியர் மாடம்பாக்கம் போகும், கழுவித் துடைத்துத் திரும்பி வரும். மாப்பிள்ளை ஹாஜியாரின் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் வியாழக்கிழமை பத்திரிகை வந்ததும் ஹாஜியார் முதலில் திருப்புவது வரி விளம்பரப் பக்கத்தைத்தான். பூதக் கண்ணாடி வைத்துப் படிப்பார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஹாஜியார் கவுண்டருக்கு வந்தார். கையில் தடி. எனக்குப் பதறிவிட்டது. "ஐயா, உள்ள வாங்க" என்றேன். "வரிசையில ரெண்டு பேரு இருக்காங்கல்ல?" என்று நின்றார். முறை வந்ததும் காசை எடுத்து வைத்தார்.

"எழுதும்மா. திருத்தம்."

என் பேனா நின்றுவிட்டது. "எழுதும்மா" என்று தடியால் தரையைத் தட்டினார்.

'சந்தனச் சோலை நகர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் என்று நான் சொன்னது தவறு. நடந்து பார்த்தேன். இரண்டு மணி பதினோரு நிமிடம். குடை பிடித்து உடன் வந்தவர் என் மகன்.'

ரசீதை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கண்டிப்பா வந்துடும்ல?" என்று அந்தச் சட்டத்தைப் போட்டவரே என்னிடம் கேட்டார். "ரசீது போட்டாச்சுங்க ஐயா" என்றேன்.

வியாழக்கிழமை காலையில் நிமிஷம் பாய் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. நான் கேட்காமலே விளம்பரப் படிவத்தை எடுத்து முன்னால் வைத்தேன்.

"என்ன பாய், திருத்தத்துக்குத் திருத்தமா?"

"ரெண்டு மணி பதிமூணுக்கா. டீ குடிச்ச ரெண்டு நிமிஷத்த அத்தா கழிச்சுட்டாரு."

"தெரியும். நானும்தானே கூட ஓடி வந்தேன். எழுதட்டுமா?"

அவர் பேனாவை எடுத்தார். படிவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மனிதர் ஒரு நிமிஷத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கலெக்டர் ஆபீஸ் கடிகாரத்தையே திருத்தச் சொல்லி மனு கொடுத்தவர்.

"வேணாம்க்கா" என்று பேனாவை மூடி வைத்தார். "அந்த ரெண்டு நிமிஷம் அவருக்கே இருக்கட்டும்."

பிறகு கழுத்திலிருந்த ஸ்டாப் வாட்சைக் கழற்றி, "இது இங்க இருக்கட்டும், வந்து வாங்கிக்கறேன்" என்று என் மேசை மேல் வைத்துவிட்டு, பல்லாவரம் பஸ் பிடிக்கப் போனார். வீட்டுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.